ஓராண்டு கடந்த தாய்ப்பால்: ஒரு மறுப்பு

குழந்தைக்கு ஆண்டு நிறைவு ஆகிவிட்டால் அதன் பிறகு தாய்ப்பாலில் சத்து ஒன்றும் இராது, அது வெறும் தண்ணீர்தான்; அதை மேலும் கொடுத்துக்கொண்டிருந்தால் குழந்தை சோற்றைத் தொடாது, தாய் துரும்பாக இளைத்துப்போவாள், பிள்ளையும் அவள் முந்தானையை விட்டகலாத பயங்கொள்ளியாக வளரும்; ஆகையால் காலம் தாழ்த்தாமல் பாலை மறக்கடித்துவிடுவதுதான் விவேகம் என்னும் அபிப்பிராயம் இன்று தமிழ்நாட்டுக் குடும்பங்களில் கேள்வி கேட்கப்படாத ஒரு சித்தாந்தமாக வேரூன்றிவிட்டது. மாமியார் சொல்கிறார், பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார், பட்டணத்தில் படித்து உத்தியோகம் பார்க்கும் நாத்தனாரும் சொல்கிறாள், எடைபார்க்கும் தட்டில் குழந்தையைக் கிடத்திய அரை நிமிஷத்தில் சில வைத்தியர்களும் இதையே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள் என்பதை வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது. இத்தனை பேர் ஒரே வார்த்தையைச் சொல்லும்போது, மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் இளம் பெண் தன் உடம்பின் மீதே நம்பிக்கையிழந்து, மறுநாள் காலையில் வேப்பிலையை அரைக்க அம்மிக்குப் போய்விடுகிறாள். இந்த அபிப்பிராயம் பிழையானது. பிழையானது மாத்திரமல்ல, தாய்க்கும் சேய்க்கும் தீங்கு பயப்பது என்பது என் துணிபு.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் பலவீனமான உருவத்தில் எடுத்துக்கொண்டு வீழ்த்துவது நேர்மையாகாது. அதன் பலமான உருவம் இது: ஆறு மாதத்திற்கு மேல் தாய்ப்பால் மாத்திரம் ஒரு குழந்தைக்குப் போதாது. கருவிலிருக்கும்போது தாயிடமிருந்து பெற்றுச் சேமித்த இரும்புச்சத்து ஏறக்குறைய ஆறாம் மாதத்தோடு தீர்ந்துவிடுகிறது. தாய்ப்பாலில் உள்ள இரும்போ மிகச் சொற்பம். ஆண்டு நிறைவான பிறகும் சோறு, பருப்பு என்று எதையும் வாயில் வாங்காமல், இரவும் பகலும் மார்பையே பற்றிக்கொண்டு, முகம் வெளிறி, எடை ஏறாமல் நிற்கும் குழந்தைகள் இருக்கத்தான் செய்கிறார்கள். அத்தகைய பேரக்குழந்தையைக் கண்ணெதிரே கண்ட ஒரு பாட்டி, "பாலை நிறுத்து, தானே சாப்பிடும்" என்று சொன்னால், அதை அறியாமையின் பேச்சு என்று தள்ளிவிட எனக்கு மனம் வராது. குழந்தையிடம் உள்ள பாசத்தினால் பிறந்த பேச்சு அது. ஆனால் அவர் கண்ட குறை உணவின் குறை. நிறுத்தச் சொல்வதோ பாலை. இந்த இடறலே முழு வாதத்தின் அஸ்திவாரமாக இருக்கிறது.

ஆறாம் மாதத்தில் உணவு தொடங்க வேண்டும் என்பதில் பழமைக்கும் புதுமைக்கும் கருத்து வேற்றுமையே கிடையாது. ஆறாம் மாதத்தில் லகுவானதும் ஹிதமானதுமான அன்னத்தை ஊட்டச் சொல்கிறது சுசுருத சம்ஹிதை. 2001இல் கூடிய உலக சுகாதார மகாசபையும் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மாத்திரம், அதன்பின் தக்க உணவோடு சேர்த்து இரண்டாண்டு அல்லது அதற்கு மேலும் தாய்ப்பால் என்றே வகுத்தது. உணவைப் பாலோடு சேர்க்கச் சொன்ன விதியை, பாலை எடுத்துவிட்டு உணவை வைக்கச் சொன்ன விதியாக நாம்தான் மாற்றிக்கொண்டோம். இனி அந்த வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

1. தண்ணீர் என்பதற்கு ஆதாரம் என்ன? கண்ணுக்குத் தெரியும் நிறத்தைத் தவிர வேறு ஆதாரம் எவரிடமும் இல்லை. நம் மக்கள் பாலின் தரத்தை அதன் திண்மையாலும் அதில் படியும் ஆடையாலும் அளந்து பழகியவர்கள். எருமைப்பாலைப் பார்த்த கண்ணால் தாய்ப்பாலைப் பார்த்தால் அது நீர்த்ததாகத்தான் தோன்றும். பசும்பாலில் தாய்ப்பாலைப்போல் மூன்று மடங்கு புரதம் இருப்பது மெய். அது பிறந்த சில மணி நேரத்திலேயே எழுந்து நின்று, விரைந்து வளரவேண்டிய கன்றுக்காக அமைந்தது. மனிதக் குழந்தையின் வளர்ச்சி மந்தமானது, மூளைக்கே முதலிடம் தருவது. அதற்கேற்ற பால் அதற்கு வாய்த்திருக்கிறது. மேலும், ஒரே வேளைப் பாலிலும் தொடக்கத்தில் சுரப்பது நீர்த்தும், மார்பு காலியாகக் காலியாகச் சுரப்பது கொழுப்பு மிகுந்தும் இருக்கும். துணியில் சிந்திய முதல் நாலு துளியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது எந்த வகையில் நியாயம்?

அளந்து பார்த்தவர்கள் சொல்லும் கணக்கைக் கேளுங்கள். இரண்டாம் ஆண்டில் ஒரு குழந்தை சராசரியாக நாளொன்றுக்கு 448 மில்லிலிட்டர் தாய்ப்பால் குடிப்பதாகக் கொண்டால், அன்றைய சக்தித் தேவையில் 100க்கு 29 பங்கும், புரதத்தில் 43 பங்கும், சுண்ணாம்புச் சத்தில் 36 பங்கும், ஜீவசத்து 'ஏ'யில் 75 பங்கும், ஃபோலேட்டில் 76 பங்கும், ஜீவசத்து 'பி12'இல் 94 பங்கும், ஜீவசத்து 'சி'யில் 60 பங்கும் அந்தப் பாலிலிருந்தே அதற்குக் கிடைத்துவிடுகின்றன. இவற்றில் அந்த 'பி12' தாவர உணவில் அநேகமாகக் கிடையாது. ஆகவே சைவ உணவுக் குடும்பங்களில் (தாயின் உடம்பில் அந்தச் சத்துக் குறைவில்லாதிருந்தால்) குழந்தைக்கு அதை எட்டச்செய்யும் முக்கியமான வழிகளில் ஒன்று தாயின் மார்பு. இவ்வளவையும் தரும் ஒன்றைத் தண்ணீர் என்று சொல்வதானால், சத்து என்று நாம் எதைச் சொல்கிறோம்? பால் தேதி பார்த்துத் தன் குணத்தை இழப்பதில்லை. முந்நூற்று அறுபத்தைந்தாம் நாளில் இருந்த சத்து முந்நூற்று அறுபத்தாறாம் நாளில் மறைந்துபோவதற்குச் சரீர சாஸ்திரத்தில் எந்த நியாயமும் இல்லை.

2. பாலை நிறுத்தினால் குழந்தை சாப்பிடுமாம். பால் குடிப்பதால்தான் சோறு இறங்கவில்லை என்பது மெய்யானால், பால் மறந்த குழந்தைகள் அனைத்தும் கிண்ணம் கிண்ணமாக உண்ண வேண்டும். உண்கின்றனவா? மறக்கடித்த வீட்டில் அடுத்த மாதம் நடப்பதைச் சற்று நெருங்கிப் பாருங்கள். பொழுது விடிந்ததும் சர்க்கரை போட்ட பசும்பால் ஒரு டம்ளர். பத்து மணிக்கு அழுகைக்கு ஆறுதலாகப் பாலில் ஊறவைத்த இரண்டு பிஸ்கட். நண்பகலில் மிக்ஸியில் அடித்துக் கஞ்சியாக்கிய சோற்றில் பருப்பின் மேலே தெளிந்த தண்ணீர், ரசத்தின் மேலே தெளிந்த தண்ணீர், காய்கறி வெந்த தண்ணீர். பருப்பும் காயும் பெரியவர்களின் தட்டுக்குப் போய்விடுகின்றன. அதுவும் கைப்பேசியில் படம் ஓடினால்தான் நாலு வாய் இறங்கும். மாலையில் மறுபடி பால், இரவில் தூங்கவைக்கப் புட்டியில் மறுபடி பால். தாய்ப்பாலை நிறுத்தியதால் உணவு வரவில்லை, பசும்பால் வந்தது. பசும்பாலிலும் இரும்பு சொற்பமே. அதை மிகுதியாகக் குடித்த குழந்தைக்கு வயிறும் நிரம்பிவிடுகிறது, இரத்தமும் சுண்டிவிடுகிறது. சோகைக்கு அஞ்சித் தாய்ப்பாலை நிறுத்திய குடும்பம், டம்ளர் டம்ளராகச் சோகையையே ஊட்டிக்கொண்டிருக்கிறது.

ஓராண்டுக்கும் ஈராண்டுக்கும் இடையிலுள்ள குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மேல் உணவிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 550 கலோரி வேண்டும். அது கரண்டி கரண்டியாகத் தெளிநீரை ஊற்றினால் வராது. கரண்டியைச் சாய்த்தாலும் வழியாத அளவுக்குக் கெட்டியாகப் பிசைந்த சோறு, அதில் மசித்த பருப்பு, ஒரு சிறு கரண்டி நெய் அல்லது எண்ணெய், கடைந்த கீரை, முட்டை, முள் நீக்கிய மீன், வாய்ப்புள்ள வீட்டில் வாரத்தில் ஒருமுறை ஈரல், கேழ்வரகுக் கூழ், இட்லி, வாழைப்பழம், அங்கன்வாடியில் தரும் இணை உணவு மாவு என்று பெரியவர் உணவின் சாரமே குழந்தையின் கிண்ணத்துக்கு வரவேண்டும். பசியோடு உட்காரும் வேளையில் முதலில் உணவும் பிறகு பாலும் கொடுத்தால், சில நாட்களில் இரண்டும் தத்தம் இடத்தில் அமைந்துவிடுகின்றன. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்பநல ஆய்வின்படி, ஆறு மாதம் முதல் இருபத்துமூன்று மாதம் வரையிலான இந்தியக் குழந்தைகளில் குறைந்தபட்சமாகப் போதுமான உணவு பெற்றவர்கள் 100க்கு 11 பேரே. அதாவது தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கும் உணவு போதவில்லை, மறந்த குழந்தைக்கும் போதவில்லை. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தாய்ப்பாலின் மீது குற்றம் சாட்டுவது, குற்றவாளியை விட்டுவிட்டுச் சாட்சியைச் சிறையிடுவதற்கு ஒப்பாகும்.

3. குழந்தை நோயுறும் நாட்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. தவழ்ந்து, நடந்து, தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் வைக்கும் பருவம் இரண்டாம் ஆண்டு; பேதியும் காய்ச்சலும் அடுத்தடுத்து வரும் பருவமும் அதுவே. காய்ச்சல் கண்ட குழந்தை சோற்றைத் துப்பும், இட்லியைத் தள்ளும், மருந்தைக் கக்கும். மார்பை மாத்திரம் பெரும்பாலும் மறுப்பதில்லை. அந்த மூன்று நான்கு நாட்கள் அதன் உடம்பில் நீர் வற்றாமலும் பலம் குன்றாமலும் காப்பது அதுவே. நோயெதிர்ப்புப் பொருள்களும் இரண்டாம் ஆண்டுப் பாலில் குறைந்துவிடுவதில்லை; சோதித்தவர்கள் அவற்றில் சிலவற்றின் செறிவு முன்னைவிட ஏறியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். புட்டியையும் காம்பையும் நாளுக்கு நாலு முறை கொதிநீரில் போட்டெடுக்க நேரமும் எரிவாயுவும் இல்லாத வீட்டில், அந்தப் புட்டியே பேதிக்கு வாசலாகிறது. நம் பாட்டிகள் கையாண்ட பாலாடை, அலம்பினால் மூலைமுடுக்கின்றிச் சுத்தமாகிவிடும் திறந்த பாத்திரம். தாயில்லாக் குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் இன்றும் மருத்துவமனைகள் அதையே நாடுகின்றன. பழையவர்களின் பெயரால் பேசுகிறவர்கள் பாலாடையைப் பரணில் போட்டுவிட்டுப் புட்டியை வாங்கியது ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது.

4. தாய் இளைத்துப்போகிறாள் என்பது மெய். காரணம் பாலன்று, பட்டினி. பாலூட்டும் பெண்ணுக்கு முதல் ஆறு மாதத்தில் வழக்கத்திற்கு மேல் 600 கலோரியும் அடுத்த ஆறு மாதத்தில் 520 கலோரியும் வேண்டுமென்று நம் நாட்டு உணவு நிபுணர்கள் வகுத்திருக்கிறார்கள். அதாவது ஒரு முழு வேளைச் சாப்பாடு கூடுதலாக வேண்டும். கொடுக்கிறோமா? வீட்டில் எல்லாரும் உண்டபின் மிஞ்சிய குழம்பின் அடியை வழித்துச் சாப்பிடும் பெண், பத்தியம் என்ற பெயரில் மாதக்கணக்கில் பழமும் கீரையும் விலக்கப்பட்ட பெண், இளைக்காமல் என்ன செய்வாள்? மேலே சொன்ன தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் பதினைந்து வயது முதல் நாற்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 57 பேர் சோகை பிடித்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் கணக்கெடுத்த நாளில் பாலூட்டிக்கொண்டிருந்தவர்கள் அல்லர். அவளுடைய இளைப்பைக் கண்டு இரங்குகிறவர்கள் அவள் தட்டில் இன்னொரு கரண்டி பருப்பைப் போட்டால் அந்த இரக்கத்துக்கு அர்த்தமுண்டு. பாலூட்டுவதனால் அவளுக்கு வரும் லாபத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளியிட்ட முடிவின்படி, பாலூட்டிய ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோயின் அபாயம் 100க்கு 4.3 பங்கு குறைகிறது. அந்த நோய் நம் நகரங்களில் பெருகிவரும் காலம் இது.

5. "மறுபடி முழுகாமல் இருக்கிறாள், பால் கெட்டுவிட்டது." இந்த வாக்கியம் எத்தனை குழந்தைகளின் கதியை ஒரே நாளில் மாற்றியிருக்கிறது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். கர்ப்பம் தரித்தால் பால் குறைவதும், ருசி சற்று மாறுவதும், சில குழந்தைகள் தாமாகவே விலகுவதும் இயல்பு, பால் விஷமாவதில்லை. முன்பு குறைப்பிரசவம் ஆனவர்களும் உதிரப்போக்கு உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்டு நடக்க வேண்டும். மற்றவர்கள் ஒரே நாளில் நிறுத்தவேண்டிய அவசியமில்லை. ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். ஆப்பிரிக்காவில் அன்று கோல்டு கோஸ்ட் என்று வழங்கிய இன்றைய கானாவில் வைத்தியம் பார்த்த சிசிலி வில்லியம்ஸ், கால் வீங்கி, முடி நிறம் மாறி, தோல் உரிந்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கொண்டுவரப்பட்ட குழந்தைகளைக் கண்டார். அடுத்த பிள்ளை வந்ததால் மார்பிலிருந்து இறக்கிவிடப்பட்டு, மக்காச்சோளக் கஞ்சியே கதியாக விடப்பட்டவர்கள் அவர்கள். குவாஷியோர்க்கர் என்னும் அந்தப் புரதக்குறை வியாதியை 1933இல் மருத்துவ உலகுக்கு விவரித்தவர் அவர். மக்காச்சோளக் கஞ்சியின் இடத்தில் நம் வீட்டு நீராகாரக் கஞ்சியை வைத்துப் பாருங்கள், பாடம் ஒன்றே. பின்னர் சிங்கப்பூருக்குச் சென்ற அதே அம்மையார், தாய்ப்பாலின் இடத்தில் டப்பாப் பாலைப் புகுத்திய வியாபாரப் பிரசாரத்தைக் கண்டு கொதித்து, 1939இல் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் ஓர் உரை நிகழ்த்தினார். தலைப்பின் கடுமையை அவர் குறைத்துக்கொள்ளவில்லை. கண்டவருக்குக் குறைத்துக்கொள்ள முடிந்திராது.

6. பெண் குழந்தைக்கு மாத்திரம் ஏன் இந்த அவசரம்? இது நான் மிகுந்த வேதனையோடு எழுதும் பகுதி. இந்தியாவின் குடும்பநல ஆய்வுகளை ஆராய்ந்து இரு பொருளியலாளர்கள் 2011இல் வெளியிட்ட கட்டுரை, நம் நாட்டில் பெண் குழந்தைகள் ஆண் குழந்தைகளைவிடக் குறைந்த காலமே தாய்ப்பால் பெறுகிறார்கள் என்பதை நிறுவியது. காரணம் பெண்ணின் மீது நேரடியான வெறுப்பாக இருக்க வேண்டியதில்லை என்பதையும் அது விளக்கியது: பாலூட்டும் காலத்தில் கர்ப்பம் தரிப்பது தாமதமாகும் என்பது பெண்களுக்குத் தெரியும், பிறந்தது பெண்ணாயின் அடுத்து ஆண் வேண்டும் என்ற ஆவலில் பாலைச் சீக்கிரம் நிறுத்திவிடுகிறார்கள். மகளுடைய மார்பை மகனுக்காகக் காலி செய்கிறோம். "பாலில் சத்தில்லை" என்ற பேச்சு இந்த இடத்தில் எவ்வளவு சௌகரியமாக உதவுகிறது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அந்தப் பேச்சு இல்லாவிட்டால் உண்மையான காரணத்தை வாய்விட்டுச் சொல்ல நேரும். சொன்னால் சொன்னவருக்கே கூசும். உங்கள் வீட்டில் மூத்தவளுக்கு எத்தனை மாதம், இளையவனுக்கு எத்தனை மாதம் என்று கணக்குப் பாருங்கள்.

7. பயங்கொள்ளியாக வளரும் என்ற பயம். ஒன்றரை வயதுக் குழந்தை மார்பைத் தேடினால் முகம் சுளிக்கும் நாகரிகம் நமக்கு எங்கிருந்து வந்தது? சீகாழிக் குளக்கரையில் மூன்று வயதுப் பாலகன் அழுதபோது உமையம்மை பொற்கிண்ணத்தில் பால் ஊட்டினாள் என்று சொல்லி, ஒவ்வோர் ஆண்டும் சித்திரையில் திருமுலைப்பால் உற்சவம் கொண்டாடும் நாடு இது. அந்தப் பாலகன் பயங்கொள்ளியாக வளர்ந்ததாக எந்தப் புராணமும் சொல்லவில்லை. நம்மோடு வாழும் இஸ்லாமிய சகோதரர்களின் திருமறையோ முழுமையாக இரண்டாண்டு பாலூட்டும் காலத்தை வகுத்து, அதற்கு முன் நிறுத்துவதானால் தாயும் தந்தையும் கலந்தாலோசித்து மனமொப்பிச் செய்யலாம் என்கிறது. தாயைக் கேட்டு முடிவு செய்யும் அந்த மரியாதை நம் வீடுகளில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது?

தைரியம் கற்பிக்க நாம் கையாளும் உபாயத்தையும் பார்க்க வேண்டும். வேப்பிலை விழுதையோ வேப்பெண்ணெயையோ, அதற்கும் மசியாவிட்டால் நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய மூசாம்பரத்தைக் குழைத்தோ மார்பில் தடவி, குழந்தையை அருகே விடுகிறார்கள். அது ஆவலோடு வாயை வைக்கிறது. கசப்பு நாக்கில் ஏறியதும் விலகி, தாயின் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறது. அழுது, ஆறி, மறுபடி ஒருமுறை வாயை வைத்துப் பார்க்கிறது. பிறந்தது முதல் ஒருநாளும் ஏமாற்றாத இடம் ஏமாற்றிவிட்டதை அது நம்ப மறுக்கிறது. சில வீடுகளில் இந்தக் கட்டத்தையும் தவிர்த்து, குழந்தையை ஒரு வாரம் பாட்டி வீட்டில் விட்டுவிடுகிறார்கள். பாலோடு தாயையும் சேர்த்து இழந்து, அது ஜன்னலைப் பற்றிக்கொண்டு இரவெல்லாம் ஏங்குகிறது. இப்படிப் பிரிக்கப்பட்ட குழந்தை அதன் பிறகு தாயை ஒரு கணமும் விட மறுத்தால், அதற்குப் பழி பாலின் மேல்!

தாயின் பாடும் சிறிதன்று. ஒரே நாளில் நிறுத்திய மார்பில் பால் கட்டிக்கொண்டு கல்லாகக் கனக்கும், காய்ச்சல் வரும், சிலருக்குச் சீழ்க்கட்டியாகிக் கத்தி வைக்கும்வரை போகும். மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டிப் பாலை வற்றச்செய்யும் பெண்களின் கைமுறையை ஆங்கில மருந்தாகிய புரோமோகிரிப்டினோடு ஒப்பிட்டுச் சோதித்த ஆய்வொன்று 1988இல் வெளியாயிற்று. பூவுக்கும் பால் வற்றுவிக்கும் ஆற்றல் உண்டு என்று கண்டார்கள். அந்தக் கைமுறையிடம் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் குழந்தையை இழந்த பெண்ணுக்கு அது அருமருந்து. குழந்தை அடுத்த அறையில் அழுதுகொண்டிருக்கும் பெண்ணுக்கு அது எதற்காக?

நிறுத்த விரும்பினால் நிறுத்தும் முறை இருக்கிறது. பகலில் குழந்தை அதிகம் பொருட்படுத்தாத ஒரு வேளையை முதலில் விட வேண்டும். அந்த வேளையில் உணவோ விளையாட்டோ தந்தையின் தோளோ ஈடாக வேண்டும். சில நாட்கள் சென்று மார்பு பழகியபின் இன்னொரு வேளையை விடலாம். தூங்கும் வேளைப் பால் கடைசியாகப் போகும். தேடினால் மறுக்காமலும், தேடாதபோது வலியக் கொடுக்காமலும் இருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் பால் தானாகக் குறைந்து இருவருக்கும் நோவில்லாமல் முடியும். ஒரே நாளில் காரியம் முடிகிறது என்பதைத் தவிர மூசாம்பரத்துக்கு இதைவிட மேலான குணம் ஏதுமில்லை.

8. பல் சொத்தையைப் பற்றிச் சொல்வதில் ஓரளவு நியாயமுண்டு. ஓராண்டுக்குப் பின் இரவெல்லாம் வாயில் வைத்தபடியே உறங்கும் குழந்தைகளுக்குச் சொத்தை மிகுதி என்று காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன. மாலையில் பல்லைத் துலக்கிவிடுவதும், இரவுப் பாலை மெல்லக் குறைப்பதும், பாலில் சர்க்கரை கலந்த புட்டியை அறவே விடுவதும் இதற்குப் போதும்.

9. வேலைக்குப் போக வேண்டுமே என்பவர்களுக்கு. இது ஒன்றே எனக்கு மறுக்க மனம் வராத வாதம். ஏனெனில் அது பாலைப் பற்றிய வாதமன்று, சமுதாயத்தைப் பற்றிய குற்றச்சாட்டு. சட்டம் இந்த விஷயத்தில் வீட்டைவிட விவேகமாக இருக்கிறது. 1961இன் மகப்பேறு நலச் சட்டம் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் இருமுறை பாலூட்ட இடைவேளை தரச் சொன்னது. 12 மாதத்தோடு சத்துப் போய்விடுகிறது என்று அதை இயற்றியவர்கள் கருதவில்லை. 2017இன் திருத்தம் விடுமுறையை 26 வாரமாக்கி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டுமென்றது. தமிழ்நாட்டு அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு விடுமுறை கிடைக்கிறது. 2015 ஆகஸ்டு முதல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளும் திறக்கப்பட்டன. இவையெல்லாம் பாராட்டுக்குரியவை. ஆனால் துணிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு உட்காரும் உரிமையே 2021இல்தான் இங்கே சட்டமாயிற்று; பாலூட்டும் இடைவேளையை அவள் யாரிடம் போய்க் கேட்பாள்? செங்கல் சூளையிலும் வீட்டு வேலையிலும் இருப்பவளுக்கு விடுமுறை என்ற சொல்லுக்கே பொருளில்லை. அவள் காலையிலும் இரவிலும் கொடுக்கும் இரண்டு வேளைப் பால் அந்தக் குழந்தைக்குப் பெரிய ஆஸ்தி. "நாளெல்லாம் கொடுக்க முடியாதபோது எதற்கு?" என்று சொல்லி அந்த இரண்டு வேளையையும் பறிப்பவர்கள், அவளிடம் உள்ளதையும் பறிப்பவர்கள்.

இந்தக் குறையில் லாபம் காண்பவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் 1981 மே மாதத்தில், தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பொருள்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் விதிகளை உலக சுகாதார மகாசபை ஏற்றது. ஆதரித்தவை 118 நாடுகள், எதிர்த்தது அமெரிக்கா ஒன்றே. இந்தியாவில் 1992இன் சட்டமும் 2003இன் திருத்தமும், இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்குரிய பால்மாவையும் புட்டியையும் உணவையும் விளம்பரம் செய்வதையே தடுக்கின்றன. தாய்ப்பாலே சிறந்தது என்று அந்த டப்பாவின் மேலேயே அச்சிட வேண்டும். இரண்டு வயது என்ற எல்லையைக் கவனியுங்கள். விற்பனையாளனைச் சட்டம் இரண்டாண்டு வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்திருக்கிறது. அவன் சொல்ல முடியாததை ஓராண்டிலேயே நாம் கூலியில்லாமல் சொல்லிக்கொடுத்து, அந்தப் பெண்ணைக் கடைக்கு அனுப்பிவைக்கிறோம்.

இவ்வளவும் சொன்னதால், ஓராண்டிலோ அதற்கு முன்போ பாலை நிறுத்திய தாய்மார்களைக் குற்றம் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. நோயினால் நிறுத்தியவர்கள், மருந்தினால் நிறுத்தியவர்கள், பால் சுரவாமலே தவித்தவர்கள், களைத்துப்போய் இனி இயலாது என்று தாமே முடிவு செய்தவர்கள் அனைவரும் என் மரியாதைக்குரியவர்கள். அவள் உடம்பு அவளுடையது, முடிவும் அவளுடையது. அந்த முடிவைப் பொய்யான ஒரு காரணத்தைச் சொல்லி அவளிடமிருந்து பறிப்பதையே நான் எதிர்க்கிறேன். தானாக நிறுத்திய பெண் மனநிறைவோடு இருக்கிறாள். "உன் பாலில் ஒன்றுமில்லை" என்று சொல்லி நிறுத்தவைக்கப்பட்டவள், அடுத்த பிள்ளைக்கு மூன்றாம் மாதத்திலேயே தன் பாலைச் சந்தேகிக்கத் தொடங்கிவிடுகிறாள்.

ஆகவே பெரியவர்களிடம் என் வேண்டுகோள் இது. ஆண்டு நிறைவு முடிந்த குழந்தையைப் பார்க்கப் போகும்போது "இன்னுமா கொடுக்கிறாய்?" என்று கேட்காதீர்கள். குழந்தை இன்று என்ன சாப்பிட்டது என்று கேளுங்கள்; அதைக் கெட்டியாகப் பிசைய ஒரு கை கொடுங்கள்; அந்தப் பெண் சாப்பிட்டாளா என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.